ஏழு காரில் ஒன்றாவது

என் கணவன் டெல்மர் பொய் சொல்லமாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் அவனைப் பொய்யன் என்றுதான் நினைப்பீர்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காகித ஆலையில் அவனுக்குக் கடைசி நாள். வெட்டிய கேக்கின் கிரீம் மீசையில் ஒட்டியிருக்க வீட்டுக்கு வந்தான். சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "லவோன், ஒரு காரை முடிச்சுடறேன். ஒண்ணே ஒண்ணு. அதுலயே உன்னை உக்கார வச்சு டூசானுக்கு ஓட்டிட்டுப் போறேன். அப்புறம் இந்தப் பனி மூஞ்சியில நாம முழிக்கவே வேணாம்" என்றான். மனதாரத்தான் சொன்னான். அப்போது ஷெட்டில் மூன்று கார்கள் நின்றன. இந்த வருஷம் ஏழு.

டூசானில், வெயில் காயும் அந்தத் தெற்கு ஊரில், எங்கள் மகள் ரெனே இருக்கிறாள். தன் வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கென்றே ஒரு சின்ன வீடு கட்டி வைத்திருந்தாள். ஒரு அறை, அடுப்பு மேடை, படியில்லாத குளியலறை, முன்னால் ஒரு எலுமிச்சை மரம். மூன்று வருஷமாகப் பூட்டியே கிடந்தது. ஆகஸ்டில் போன் செய்தாள். அவளுடைய மாமியார் ஃபிலிஸ் இரண்டு தடவை விழுந்துவிட்டாளாம், இனி தனியாக விட முடியாதாம். ரெனேவுக்குச் சொல்லவே வாய் வரவில்லை. செப்டம்பர் கடைசி வரைக்கும் உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன், அதற்குமேல் கேட்காதே அம்மா என்றாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. மூன்று வருஷம் ஒரு வீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள்?

எனக்கு அந்த வீடு ஏன் வேண்டும் என்பதையும் சொல்கிறேன். போன பிப்ரவரியில் தபால் பெட்டிக்குப் போகும் வழியில் ஐஸில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு உடைந்தது. எழுந்திருக்க முடியவில்லை. முப்பதடி தூரத்தில் ஷெட்டுக்குள் டெல்மர் துரு தேய்க்கும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். மெஷின் நிற்கும்போதெல்லாம் கத்தினேன். நாற்பது நிமிஷம் கிடந்தேன். குப்பை லாரிக்காரன் வந்துதான் தூக்கினான். அன்று அங்கே கிடந்தபடியே முடிவு செய்துவிட்டேன், இந்த மினசோட்டாவில் இன்னொரு குளிர்காலம் எனக்கு வேண்டாம் என்று.

விமானத்தில் போய்விடலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு அது கேவலம். காரில் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினால் தோற்றுப்போன மாதிரியாம். வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே என்னை ஒன்பது வருஷம் இங்கே உட்கார வைத்த மனுஷன் அவன்.

ஏழு கார் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது ஒரு கணக்கு, இந்த ஆட்களுக்கு மட்டுமே புரியும் கணக்கு. எங்கள் பக்கத்தில் பழைய கார்களை அவை தயாரான வருஷத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். முதலில் அறுபத்தாறு இருந்தது, நீலம். அதற்குக் கதவும் கண்ணாடியும் வேண்டும் என்று, உதிரிபாகத்துக்காக மட்டும் அறுபத்தேழை வாங்கினான், பச்சை. கொண்டுவந்து பார்த்தால் பச்சையின் அடித்தளம் நீலத்தைவிட நன்றாக இருந்தது. சரி, பச்சையைத்தான் முடிக்க வேண்டும், நீலத்தைப் பிரித்துப் போடலாம் என்றான். நோயாளி, உறுப்பு கொடுக்கும் டோனர் ஆகிவிட்டார், டோனர் நோயாளி ஆகிவிட்டார். பச்சைக்கு எஞ்சின் வேண்டும் என்று பழுப்பு அறுபத்தொன்பது வந்தது. அதன் எஞ்சின் நன்றாகவே ஓடியது. நன்றாக ஓடுவதைப் பிரிக்க மனசு வருமா, அதுவும் ஒரு நோயாளியாகப் படுத்துக்கொண்டது. பிறகு இரண்டு அறுபத்தைந்துகள், ஒரு பிக்கப், ஒரு நீள வேகன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். இவன் எல்லா மரத்தையும் அரைகுறையாக வெட்டி வைத்திருந்தான்.

வேலை தெரியாதவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை பச்சையின் பிரேக், செவ்வாய் வேகனின் தரைத்தகடு, புதன்கிழமை பிக்கப். எதை எடுத்தாலும் கை சுத்தம். ஆனால் எதுவும் மூன்று நாளுக்குமேல் போகாது. ஒரு போல்ட் மாட்டிக்கொண்டால் போதும், அந்தக் காரை விட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவான். நான் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வழியில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்தது என்று அந்த பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போனதில்லை.

செப்டம்பர் இரண்டாவது வாரம் அயோவாவில் பழைய உதிரிபாகச் சந்தை கூடும். வியாழன் காலை டெல்மர், காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு சிநேகிதன் ரோலியுடன் கிளம்புவான், ஞாயிறு சாயங்காலம் திரும்புவான். வருஷா வருஷம் தவறாது. இந்த வருஷம் அவர்கள் தெரு முனை திரும்பியதும் நான் ட்வைலாவுக்குப் போன் போட்டேன்.

ட்வைலா எங்கள் பஸ் டிப்போ மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயது, ஆறடி உயரம், புருஷன் இல்லை, இருந்த இரண்டு பேரையும் விரட்டிவிட்டாள். அவளுக்கு ஒரே சட்டம்தான். காலை ஆறே முக்காலுக்கு பஸ் வெளியே போயாக வேண்டும். என்ன நிறம், எந்த வருஷத்துப் பாகம் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஷெட்டுக்குள் வந்து இடுப்பில் கைவைத்து ஏழு கார்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இது ஷெட் இல்லடி. பொணவறை" என்றாள். "எது சீக்கிரம் எந்திரிக்கும்?"

பச்சை என்றேன். அதற்கு பெயின்ட் முடிந்திருந்தது, பிரேக், சீட், கண்ணாடி எல்லாம் இருந்தது. எஞ்சின் மட்டும்தான் இல்லை. அதன் சொந்த எஞ்சின் நாலு வருஷமாக ஒரு ஸ்டாண்டில் துணி போர்த்திக் கிடந்தது, உள்ளே பாதிச் சாமான் இல்லாமல். அறுபத்தொன்பதின் எஞ்சினைத் தூக்கி அறுபத்தேழில் வைத்துவிடலாம், பொருந்தும், மூன்று நாள் போதும் என்று ட்வைலா கணக்குப் போட்டாள். அவள் வியாழன் வெள்ளி லீவு சொல்லிவிட்டே வந்திருந்தாள்.

கஷ்டம் எஞ்சினைத் தூக்குவதில் இல்லை. சின்னச் சாமான்களில்தான் இருந்தது. டெல்மர் ஒவ்வொரு காருக்கும் காபி டப்பா வைத்திருந்தான், மேலே டேப் ஒட்டி எழுதியிருப்பான். பச்சையின் டப்பாவைத் திறந்தால் ஒரு துண்டுச் சீட்டு: எஞ்சின் தாங்கி போல்ட், வேகன் டப்பாவில். வேகன் டப்பாவில் இன்னொரு சீட்டு: பிக்கப்புக்குக் கடன் கொடுத்தது. பிக்கப் டப்பாவில்: பச்சையிலிருந்து எடுத்தது, திரும்ப வைக்கவும். ட்வைலா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடுத்த நிமிஷமே அந்தச் சீட்டுகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தேன். அந்த எழுத்தெல்லாம் அவ்வளவு அழகாக இருந்தது. தேதியெல்லாம் போட்டிருந்தான். எல்லாவற்றையும் திரும்ப வைக்கத்தான் நினைத்திருக்கிறான் என்று தெரிந்தது.

ட்வைலா பஸ் டிப்போவிலிருந்து போல்ட் கொண்டுவந்தாள். ரேடியேட்டரை வேகனிலிருந்து கழற்றினோம், கார்புரேட்டரை நீலத்திலிருந்து. மணிக்கட்டு வலியில் ஸ்பானர் இரண்டு தடவை என் காலில் விழுந்தது. அறுபத்தேழு வயதில் காருக்கு அடியில் புகுந்தேன். எலி கடித்த ஒயரையெல்லாம் நானே டேப் சுற்றினேன். வெள்ளிக்கிழமை நல்ல வெளிச்சத்தில் எஞ்சின் கிரேனில் தொங்கியபடி பச்சைக்குள் இறங்கியது, ட்வைலா கெட்ட வார்த்தையால் அர்ச்சனை செய்துகொண்டே அதை இடத்தில் உட்கார வைத்தாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

ஓட்டினேன். தேவாலயம் வரைக்கும், அங்கிருந்து ஏரிக்கரை வழியாகத் திரும்பி, பதினோரு மைல். ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினேன். பக்கத்தில் ட்வைலா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சோளக்காட்டு ஓரத்தில் யாரோ கையசைத்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அழுதுகொண்டே ஓட்டினேன். வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் ரெனேவுக்குப் போன் செய்தேன். வருகிறோம், ஃபிலிஸுக்கு வேறு இடம் பார் என்றேன்.

"அப்பா சொன்னாராம்மா?" என்று கேட்டாள்.

"கார் ஓடுதுடி. உங்கப்பன் என்ன சொல்றது? சொன்ன வார்த்தை சொன்னதுதான்" என்றேன்.

ஞாயிறு நாலரை மணிக்கு டெல்மரின் டிரெய்லர் சத்தம் கேட்டது. பச்சையை வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்திலேயே நின்றேன். ட்வைலாவையும் நிற்கச் சொல்லியிருந்தேன், இது உங்க வீட்டு விஷயம் என்று போய்விட்டாள். டிரெய்லரின் மேல் ஒரு சிவப்புக் கார் இருந்தது. கதவு இல்லை, பின்பக்கம் நசுங்கியிருந்தது. அறுபத்தெட்டு. எட்டாவது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவன் இறங்கி வந்தான். பச்சையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டான். கண் கலங்கியிருந்தது. ரோலி பின்னாலிருந்து, யோவ் உன் பொண்டாட்டி உன் மானத்தை வாங்கிட்டாய்யா என்று சிரித்தான்.

"இது அறுபத்தொம்போதோட எஞ்சின்" என்றான் டெல்மர், மெதுவாக.

"ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

அன்று சாயங்காலம் அவனையே ஓட்டச் சொன்னேன். ஏரிக்கரை வரை போய்வந்தோம். நான் பேசிக்கொண்டே வந்தேன். செவ்வாய்க்கிழமை கிளம்பலாம், நாலு நாள் ஆகும், வழியில் மூன்று இடத்தில் தங்கலாம், இந்த வீட்டை என்ன செய்வது என்பதை ரெனே புருஷன் பார்த்துக்கொள்வான் என்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவன் மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்தேன். பார்த்தும் பார்க்காமல் விட்டது என் தப்புதான். இரவு கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஹாட்டிஷ் சுட்டு வைத்தேன், இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இரண்டு பெட்டிகளை அடுக்கிவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டவுனுக்குப் போனேன். தபால் ஆபீஸில் டூசான் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். ட்வைலாவுக்கு நான் சுட்ட ஆப்பிள் பை கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியில் பார்த்த எல்லாரிடமும் நாளைக்குக் கிளம்புகிறோம் என்றேன். இரண்டு மணிக்கு வீடு திரும்பினேன்.

வாசலில் பச்சை இல்லை. ஷெட் கதவு திறந்திருந்தது. பச்சையின் பானட் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. எஞ்சின் கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது, எண்ணெய் வடிந்து, கீழே தட்டு வைத்து. பழைய குருடி கதவைத் திறடி. டெல்மர் ஒரு காபி டப்பாவில் டேப் ஒட்டி எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேனாவை மூடினான்.

எனக்குக் கத்தத் தோன்றவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"எஞ்சின் பிளாக்குல வார்த்த தேதி பொறிச்சிருக்கு லவோன். அறுபத்தெட்டு நவம்பர். பச்சை ஃபேக்டரியை விட்டு வந்தது அறுபத்தேழு ஏப்ரல். வண்டிக்கு அப்புறம் பொறந்த எஞ்சின். இதுல உன்னைக் கூட்டிட்டுப் போனா, முடிச்சுட்டேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? முடிக்கலையே. அதோட சொந்த எஞ்சினுக்கு இன்னும் ரெண்டு மாச வேலைதான்."

"ரெண்டு மாசத்துல ஃபிலிஸ் அந்தக் கட்டில்ல படுத்திருப்பா, டெல்மர்."

கீழே பார்த்தான். துணியில் விரல் விரலாகத் துடைத்தான். "அங்க போயி காலையில எந்திரிச்சு நான் என்ன செய்யறது?" என்றான்.

ஒன்பது வருஷத்தில் அவன் சொன்ன ஒரே நிஜமான காரணம் அதுதான். போல்ட்டும் தேதியும் ரெண்டாம் பட்சம். ஒரு கார் முடிந்துவிட்டால் வாக்கும் முடிந்துவிடும், கிளம்பியாக வேண்டும். முடிக்கத் தெரியாதவன் என்று இவ்வளவு நாளும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். முடிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறான். அது அவனுக்கே தெரியாது என்றுதான் இப்போதும் நம்புகிறேன். பொய் சொல்லமாட்டான் என்றேனே.

"நான் காலையில எந்திரிச்சு என்ன செய்யறேன்னு என்னைக்காவது கேட்டியா?" என்றேன். உள்ளே போய்விட்டேன்.

ட்வைலாவுக்குத் தெரிந்ததும் கடப்பாரையோடு வருகிறேன் என்றாள். இன்னொரு தடவை போட்டுத் தருகிறேன், மூன்று நாள் வேலைதானே, அவனை ரோலி வீட்டில் கட்டிப்போடு என்றாள். வேண்டாம் என்றேன். போட்டால் மறுபடி கழற்றுவான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறவனுக்கு எத்தனை தாழிதான் வாங்கிக் கொடுப்பது?

தனியாகப் போயிருக்கலாமே என்பீர்கள். ரெனேயும் அதைத்தான் சொன்னாள். அம்மா நீ மட்டும் வா, டிக்கெட் நான் எடுக்கிறேன் என்று. பெட்டிகள் கதவுப் பக்கத்தில் தயாராக இருந்தன. இரண்டு வாரம் அந்தப் பெட்டிகளைத் தாண்டித் தாண்டி நடந்தேன். வேலைக்கு நடுவில் அவன் தன் மாத்திரையை மறந்துவிடுவான். ஜாக்கியைச் சரியாகப் பார்க்காமல் அடியில் படுத்துவிடுவான், வசந்தத்தில் ஒரு தடவை வேகன் அவன் தோளை அமுக்கிவிட்டது. யாரும் வராமல் ஐஸில் கிடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அவனை அப்படிக் கிடக்கவிட்டுப் போக முடியவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. போகத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் முப்பதாம் தேதி காலை ரெனேயைக் கூப்பிட்டு, ஃபிலிஸுக்கே கொடுத்துவிடு என்றேன். பிறகு அவள், எலுமிச்சை இந்த வருஷம் நிறையக் காய்த்திருக்கிறது, பெட்டியில் போட்டு அனுப்புகிறேன் என்றாள். சரி என்றேன்.

மத்தியானம் டெல்மர் சாப்பிட வந்தபோது சொன்னேன். அந்த வீடு போய்விட்டது, ஃபிலிஸ் சனிக்கிழமை குடிவருகிறாள் என்று. ஸ்பூனைக் கீழே வைத்தான். மன்னிச்சிடு என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். சூப் ஆறும்வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நான் யோசிச்சுப் பார்த்தேன் லவோன். அறுபத்தொம்போதோட எஞ்சின் இப்ப சும்மாதானே வெளிய கெடக்கு? அயோவாவுல இருந்து வந்த சிவப்பு இருக்கில்ல, அறுபத்தெட்டு, அது அந்த வருஷம் டிசம்பர்ல செஞ்ச வண்டி, எஞ்சின் நவம்பர். தேதிகூட ஒத்துப்போகுது. கதவு ரெண்டும் நீலத்துல இருந்து எடுத்துக்கலாம். அதை முடிச்சுட்டா அதுலயே போயிடலாம்."

கதவு இல்லாத, பின்பக்கம் நசுங்கிய அந்தக் காரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போய் இறங்குவதற்கு டூசானில் இனி இடமில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருக்க வேண்டியவள் நான்.

"எந்த மாசம் முடிப்ப?" என்று கேட்டேன்.

"ஏப்ரல்" என்றான்.